மிச்சம் சொல்லும் சேதி

கேள்வி:

எனக்கு வயது 42. வீட்டில் மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், நான். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘குப்பை லாரி’. யார் தட்டில் எது மீந்தாலும் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போய் நானே எடுத்துச் சாப்பிட்டுவிடுவேன். மகன் கடித்து வைத்த ரொட்டி, மகள் ஓரமாக ஒதுக்கிய காய், மனைவி போதும் என்று நகர்த்திய சோறு, டம்ளர் அடியில் நிற்கும் பால், எதுவும் தப்பாது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சாப்பாட்டைக் கொட்டுவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். கொட்டக் கை வராது.

3 வருடத்தில் 5 கிலோ ஏறிவிட்டது. சென்ற மாத ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சராசரி 5.9 சதவீதம். “என்னென்ன சாப்பிடுறீங்க?” என்று டாக்டர் கேட்டபோது என் தட்டில் இருப்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறைக்கவில்லை, லாரிக் கணக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அன்று இரவு மகன் பாதித் தட்டை என் பக்கம் தள்ளி, “லாரி, வா” என்றான். அப்போதுதான் உறைத்தது. மனைவி இப்போது 3 மாதக் கர்ப்பம். மசக்கையில் தனக்கென்று எதுவும் சாப்பிடப் பிடிக்காமல், மகன் மீத்ததில் இரண்டு வாய் எடுத்துக்கொள்கிறாள். “லாரிக்குக் கிளீனர் வந்தாச்சு” என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

இதை நான் விடத்தான் வேண்டுமா? விட்டால் சாப்பாடு வீணாகாதா? பிள்ளைகளின் சிரிப்பை நானே எப்படி நிறுத்துவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கிளீனர் என்று சிரிப்போடு எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். அதற்குத்தான் அவசரம். உங்கள் மனைவி மகனின் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதை இன்றோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள். அவன் குடித்த டம்ளரும் அவன் வாயில் வைத்த கரண்டியும் இதில் சேர்த்தி.

காரணம், சைட்டோமெகலோவைரஸ் என்ற கிருமி. சுருக்கமாக சி.எம்.வி. என்பார்கள். சின்னக் குழந்தைகளிடம் இது வெகு சாதாரணமாகப் புழங்குகிறது. தொற்றிய குழந்தைக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது, ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் எச்சிலிலும் சிறுநீரிலும் கிருமி மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் அது போகலாம். குழந்தைகளுக்கு வரும் செவித்திறன் குறைபாட்டில், மரபணுக் காரணங்களை ஒதுக்கிவிட்டால், முன்னால் நிற்பது இந்தக் கிருமிதான். கர்ப்பத்தின் முதல் 3 மாதங்களில் தொற்றினால் பாதிப்பு கடுமையாக இருக்கும் வாய்ப்பும் அதிகம். அதனால்தான், வீட்டில் சிறு குழந்தை வைத்திருக்கும் கர்ப்பிணிகள் அந்தக் குழந்தையின் உணவையும் கரண்டியையும் கோப்பையையும் பகிர்ந்துகொள்ள வேண்டாம் என்று சொல்கிறோம்.

இதைப் படித்துவிட்டு இருவரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். பெரியவர்களில் பலருக்கு இந்தக் கிருமி எப்போதோ வந்து போயிருக்கும். கர்ப்பிணிக்குத் தொற்றினாலும் எல்லாச் சிசுவுக்கும் அது போவதில்லை. போன குழந்தைகளிலும் பெரும்பாலானவை நலமாகவே வளர்கின்றன. ஆனால் ஒருமுறை வந்து போனவர்களுக்கும் மறுபடி தொற்றலாம். எனவே நமக்கு முன்பே வந்திருக்கும் என்ற தைரியத்தில் விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள். மகனை உதட்டில் முத்தமிடாமல் நெற்றியில் முத்தமிடுவதும், அவன் மூக்கைத் துடைத்துவிட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவுவதும் தொற்றும் வாய்ப்பைக் குறைக்கும். மசக்கையில் முழுத் தட்டைப் பார்த்தாலே குமட்டும் என்பது உண்மை. அதற்கு மகன் தட்டிலிருந்து இரண்டு வாய் எடுப்பது வழியாகாது. அவருக்கென்று ஒரு சிறு கிண்ணம், அதில் அவருக்குப் பிடித்தது நாலே வாய், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அதை எடுத்து வைக்கும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி உங்கள் விஷயம்.

டாக்டரிடம் சொல்ல ஞாபகம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதி வரச் சொல்வது என் வழக்கம். பிள்ளை மீத்த அரை ரொட்டியை யாரும் எழுதி வந்ததே இல்லை. நான் தனியாகக் கேட்டால்தான், “ஆமா மேடம், அது தினம் உண்டு” என்பார்கள். தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சாப்பாடு என்று மனம் பதிவு வைத்திருக்கிறது. நின்றபடி, பேசியபடி, பாத்திரம் எடுத்துப் போகும் வழியில் வாயில் போட்டது அந்தப் பதிவில் ஏறுவதில்லை. 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறைவதே இல்லை என்று சொன்ன சிலரை எடுத்து, அவர்கள் உண்மையில் சாப்பிட்டதையும் சாப்பிட்டதாகச் சொன்னதையும் ஒப்பிட்டார்கள். உண்மை அளவில் ஏறத்தாழ பாதிதான் அவர்கள் சொன்ன கணக்கில் இருந்தது. சராசரியாக 47 சதவீதம் விட்டுப்போயிருந்தது. யாரும் வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு நடந்ததைத்தான் அவர்களிடமும் பார்க்கிறேன்.

லாரியில் ஏறும் சரக்கைக் கொஞ்சம் எடை போட்டுப் பார்ப்போம். அரைத் துண்டு ரொட்டி சுமார் 40 கலோரி. சமைத்த சோறு 100 கிராமில் 130 கலோரி இருக்கிறது. மூன்று கரண்டி மீந்திருந்தால் ஒரு 65 வைத்துக்கொள்ளலாம். அரை டம்ளர் பால் 60. எல்லாம் சேர்ந்தால் 165. எல்லா நாளும் எல்லாமும் மீந்துவிடாது என்பதால் சராசரியாக நாளைக்கு 120 என்று கொள்வோம். பார்க்க அற்பமான எண். கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2011இல் லான்செட் இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நாள்தோறும் உண்ணும் அளவு நிரந்தரமாக 24 கலோரி கூடினால், எடை நாளடைவில் சுமார் 1 கிலோ கூடி அங்கே நிற்கும். அதில் பாதி முதல் வருடத்திலேயே ஏறிவிடும், மூன்று வருடத்தில் ஏறக்குறைய முழுவதும் ஏறிவிடும். 120ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள். 5 வருகிறது. நீங்கள் எழுதியிருக்கும் எடையும் 5 கிலோ, காலமும் 3 வருடம்.

உங்கள் எடை முழுவதும் லாரியால் வந்தது என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நாற்பதைத் தாண்டிய உடம்பு, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, குறைந்துபோன தூக்கம் எல்லாமே இதில் பங்காளிகள். ஆனால் இவ்வளவு சின்ன மிச்சம் என்ன செய்துவிடும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று கொள்கிறார்கள். 5.9 அதன் முன்பகுதி. இந்த நிலையிலிருந்து திரும்பி வர வழி இருக்கிறது. அமெரிக்காவில் இத்தகைய எல்லையில் இருந்தவர்களை வைத்து நடத்தி 2002இல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது என்ற இரண்டு இலக்குகளை எடுத்துக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை தரப்பட்டவர்களைவிட அவர்களுக்கே பலன் அதிகம். உங்கள் டாக்டரிடம் திரும்பப் போய் லாரிக் கணக்கையும் சொல்லுங்கள். அவர் கையில் முழு விவரம் இருந்தால்தான் சரியான முடிவு எடுப்பார்.

இப்போது உங்களை மிகவும் உறுத்துகிற கேள்விக்கு வருகிறேன்: விட்டால் சாப்பாடு வீணாகாதா?

கொட்டக் கை வராது என்று நீங்கள் எழுதியதை மரியாதையோடு படித்தேன். என் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நாங்கள் எழுந்த பிறகு, எங்கள் தட்டுகளில் கிடந்ததை ஒன்றாக ஒதுக்கி, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார். அவருக்கு எது பிடிக்கும் என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அவருக்கு நீரிழிவு வந்த பிறகுதான், எங்கள் நால்வருடைய மிச்சமும் சேர்ந்தால் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு மேல் வரும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உணவைக் கும்பிடுகிற அந்த மனம் உயர்ந்தது. அதை நீங்கள் விட வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். வயிறு நிறைந்த பிறகு உள்ளே போகும் சோற்றால் யாருடைய பசி தீர்கிறது? உங்கள் பசி முன்பே தீர்ந்துவிட்டது. உலகத்தில் வேறு எங்கோ பசித்திருப்பவருக்கும் அது போய்ச் சேரவில்லை. அதை விளைவித்த தண்ணீரும் எரித்த எரிவாயுவும் திரும்பி வரவில்லை. கூடுதலாக நடந்தது ஒன்றுதான்: உங்கள் உடம்பு அதைக் கொழுப்பாக எடுத்து வைத்துக்கொண்டது. இத்தாலிய ஆய்வாளர்கள் மாவ்ரோ செராஃபினியும் எலிசபெத்தா தோத்தியும் 2016இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். தேவைக்கு மேல் உண்டு உடம்பில் கொழுப்பாகச் சேரும் உணவையும் வீணான உணவுக் கணக்கில்தான் எழுத வேண்டும், அது வளர்சிதை மாற்ற வழியிலான வீண் என்றார்கள். தொட்டியில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், வயிற்றில் விழுந்தால் தெரியாது.

சாப்பாடு வீணாவது தட்டைக் கழுவும் நேரத்தில் நடப்பதில்லை. அரை மணி நேரத்துக்கு முன், கரண்டியால் தட்டில் போடும்போதே நடந்துவிடுகிறது. சில நாள் அதற்கும் முன்னால், உலையில் அரிசி போடும்போதே. அங்கே பிடிக்க வேண்டியதைக் கடைசியில் உங்கள் வயிற்றை வைத்துப் பிடிக்கப் பார்க்கிறீர்கள்.

உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதுதான். தட்டில் மீந்து கிடப்பது ஒரு சேதி. இன்று எனக்கு இவ்வளவு போதும், இந்த நேரத்தில் பசி இல்லை, இந்தக் காயை இப்படி வெட்டினால் பிடிக்கவில்லை, மாலையில் குடித்த பால் இன்னும் வயிற்றில் நிற்கிறது என்று உங்கள் பிள்ளைகள் தினமும் எழுதி அனுப்பும் கடிதம். யாரும் படிப்பதற்குள் நீங்கள் அதைச் சாப்பிட்டுவிடுகிறீர்கள். தட்டு காலியாகிறது. காலியான தட்டைப் பார்த்து மறுநாளும் அதே அளவே பரிமாறப்படுகிறது. 3 வருடமாக உங்கள் வீட்டில் யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பது உண்மையில் யாருக்குமே தெரியாது.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் மட்டும் கடைகள், உணவகங்கள், வீடுகள் என்று எல்லாம் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணானதாக மதிப்பிடுகிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில். உலகச் சராசரியாக ஓர் ஆளுக்கு வருடம் 79 கிலோ என்றால், நால்வர் உள்ள வீட்டுக்கு 300 கிலோவைத் தாண்டும். குறைக்க நினைப்பவர்கள் முதலில் செய்வது அளந்து பார்ப்பதுதான். நீங்களும் அதையே செய்யுங்கள்.

ஒரே ஒரு வாரம். மூடி போட்ட பாத்திரம் ஒன்றை மேசையில் வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டில் மீந்ததை அவரவரே அதில் வழித்துப் போடட்டும். நீங்கள் ஒரு வாய்கூட எடுக்கக் கூடாது. இரவில் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். தராசு இல்லாவிட்டால் கரண்டிக் கணக்கு போதும். யார், எந்த வேளை, எது, எவ்வளவு என்று நோட்டில் எழுதும் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். 9 வயதில் அவளுக்கு இது பிடித்துப்போகும். யாரையும் திட்டாதீர்கள், “பாரு, எவ்வளவு வீணடிச்சிருக்கே” என்று ஒரு வார்த்தை வந்தாலும் மறுநாளே பிள்ளைகள் ஒளித்துக் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். நோட்டில் உண்மை ஏறாது. அந்த ஒரு வாரம் பாத்திரத்தைக் காலி செய்யும்போது உங்களுக்கு வலிக்கும். வலிக்கட்டும். இத்தனை வருடம் அந்த வலி தெரியாமல் மூடி வைத்தது உங்கள் பசியில்லாத வயிறு. தோட்டமோ தொட்டிச் செடியோ இருந்தால் உரக்குழியில் போடுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

வாரக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் ஏதாவது ஓர் ஒழுங்கு தென்படும். நான் பார்த்த வீடுகளில் அடிக்கடி தென்படுவது, சிறு பிள்ளைக்கும் பெரியவர் கரண்டியாலேயே பரிமாறுவது. 4 வயதுப் பிள்ளைக்கு ஆரம்ப அளவாக ஒவ்வொரு உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது நான்கு கரண்டி போதும். கண்ணுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். போதாவிட்டால் அவனே கேட்பான். அடுத்துப் பார்ப்பது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்த பாலும் பிஸ்கட்டும். அந்த டம்ளர் பால் நேரம் மாறினாலே பாதி மிச்சம் மறைந்த வீடுகள் உண்டு.

பிள்ளை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் பதறிப்போகும் பெற்றோருக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த லியன் பர்ச்சும் அவர் குழுவினரும், 2 முதல் 5 வயது வரையான குழந்தைகள் 6 நாள் சாப்பிட்டதை வேளை வேளையாக அளந்து 1991இல் வெளியிட்டார்கள். ஒரு வேளைக்கும் அடுத்த நாள் அதே வேளைக்கும் அளவு தாறுமாறாக மாறியது, சராசரியாக 34 சதவீத ஏற்ற இறக்கம். ஆனால் நாள் மொத்தத்தைக் கூட்டினால் ஏற்ற இறக்கம் 10 சதவீதம்தான். காலையில் விட்டதை மாலையில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு அவர்கள் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. இதே குழு 2003இல் இன்னொன்றையும் காட்டியது: வயதுக்கு ஏற்ற அளவைப்போல் இரண்டு மடங்கு தட்டில் வைத்தபோது குழந்தைகள் அந்த உணவை 25 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள், அவர்களையே போட்டுக்கொள்ளச் சொன்னபோது அந்தப் பெரிய தட்டைவிட 25 சதவீதம் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். மகளிடம் கரண்டியைக் கொடுத்துவிடுங்கள். மகனுக்கும் சின்னக் கரண்டி ஒன்று கொடுக்கலாம், சிந்துவான், பரவாயில்லை.

இங்கே ஒரு குழியில் பலர் விழுவதைப் பார்த்திருக்கிறேன். லாரியை நிறுத்தியதும் அந்த இடத்தில் போலீஸ்காரரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். ‘இனி அப்பா சாப்பிட மாட்டேன், தட்டைக் காலி பண்ணாம எழுந்திருக்கக் கூடாது’ என்று ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் வயிற்றில் போய்க்கொண்டிருந்த மிச்சத்தைப் பிள்ளைகள் வயிற்றுக்குத் திருப்பிவிடுவது அது. போதும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தச் சொல்லை மறக்கக் கற்றுக்கொடுப்பது. எல்லின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் வகுத்துத் தந்த வேலைப் பங்கீட்டைத்தான் நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு. நீங்கள் சிரித்துக்கொண்டே மிச்சத்தை எடுத்துச் சாப்பிட்ட வருடங்களில் ஒரு நன்மையும் நடந்திருக்கிறது. உங்கள் பிள்ளைகள் வற்புறுத்தப்படாமல் வளர்ந்திருக்கிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாத்திரத்தில் மீந்ததும் தட்டில் மீந்ததும் ஒன்றல்ல என்பதையும் பிரித்துப் பாருங்கள். யார் வாயும் கையும் படாமல் பாத்திரத்தில் இருப்பது உணவு. சமைத்த 2 மணி நேரத்துக்குள், வெயில் காலத்தில் 32 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் 1 மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்குள், நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். சோற்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ராத்திரி முழுக்க மேடையில் கிடந்த சோற்றை, சூடு பண்ணிவிட்டோமே என்று நம்பிச் சாப்பிட வேண்டாம். தட்டில் எச்சில் பட்டு மீந்ததை எடுத்து வைப்பது என்ற பேச்சே கிடையாது. பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருக்கும் நாளில் அவன் தட்டை யாருமே தொட வேண்டாம். ஒரு பிள்ளைக்கு வந்தது வீடு முழுக்கப் படுப்பது பல சமயம் இந்த வழியில்தான்.

எதையுமே எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். மகள் தன் தட்டைப் பார்த்ததும், “அப்பா, இது எனக்கு அதிகம்” என்கிறாள் என்றால், அவள் கை வைப்பதற்கு முன் அதை உங்கள் தட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் போடுவதில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் சாப்பாடாகக் கணக்கில் ஏறிவிடும். பிற்பாடு வருவது எதுவும் வேண்டாம். சிலர் எனக்குக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்கிறேன், மிச்சத்தால் நிரப்பிக்கொள்கிறேன் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகள் ஒதுக்குவது பெரும்பாலும் சோறும் ரொட்டியும்தான். அதையே நிரப்பினால் உங்கள் 5.9க்கு வேண்டிய காயும் பருப்பும் முட்டையும் தட்டில் இருக்காது. உங்களுக்கென்று முழுத் தட்டு, பாதிக்குக் காய், உட்கார்ந்து நிதானமாக. பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். அப்பாவுக்கும் பசி உண்டு, அப்பாவுக்கும் போதும் என்று ஒன்று உண்டு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பழக்கத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தட்டுகள் எல்லாம் உங்கள் கை வழியாகத்தான் போகின்றன. மனதை அடக்கப் பார்ப்பதைவிட அந்த வழியை மாற்றுவது சுலபம். அவரவர் தட்டை அவரவர் எடுத்துப் போகட்டும். நீங்கள் முடித்ததும் முதல் ஆளாக எழுந்து கை கழுவி, மேசையைத் துடைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நாள் கை தானாக நீளும். நீண்டுவிட்டால் அதற்காக மனம் நொந்துகொள்ளாமல் நோட்டில் எழுதிவிடுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, சிரிப்பு. நீங்கள் இதைத்தான் அதிகம் பயந்து எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் சிரிப்பது நீங்கள் மிச்சத்தைத் தின்பதற்காக இல்லை. அப்பா ஹாரன் அடித்துக்கொண்டு தங்களைத் தேடி வருகிறாரே, அதற்காக. அந்த லாரி சாப்பாட்டின் கடைசியில் வருவதற்குப் பதில் ஆரம்பத்தில் வரட்டும். காலி வண்டியாக வந்து மீந்ததை அள்ளிப் போகாமல், சரக்கு லாரியாக வந்து இறக்கட்டும். முதல் லோடு சின்னது. “இன்னொரு லோடு வேணுமா?” என்று ஹாரன் அடித்துக் கேளுங்கள். வேண்டும் என்றால் இரண்டு கரண்டி, வேண்டாம் என்றால் வண்டி ரிவர்ஸ். எவ்வளவு லோடு இறங்கியது என்று மகள் நோட்டில் குறிக்கட்டும். 4 வயதுப் பையனுக்கு லாரிக்கு ஆர்டர் கொடுக்கும் அதிகாரம் கிடைத்தால் அதைவிடப் பெரிய கொண்டாட்டம் இருக்காது. பழைய ஆட்டத்தைத்தான் கேட்பேன் என்று முதல் நாட்களில் தட்டை உங்கள் பக்கம் தள்ளுவான். “அந்த ரூட்ல இப்ப வண்டி ஓடறதில்லடா கண்ணா” என்று சொல்லி, தட்டை அவன் கையிலேயே கொடுத்து, பாத்திரத்தை நோக்கி அவனையே ஓட்டிப் போகச் சொல்லுங்கள். மகள் கொஞ்சம் பெரியவள். அவளிடம் உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பற்றி பயமுறுத்தாமல் நேராகவே சொல்லலாம். “அப்பா உடம்புக்கு இது ஒத்துக்கல” என்றால் அவளே உங்களுக்குக் காவலாக நிற்பாள்.

எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய கடந்த 3 மாதச் சர்க்கரையின் சராசரி. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அப்படி. ஆகவே இன்றைய மாற்றம் அடுத்த வாரமே அதில் தெரியாது. 3 மாதம் கழித்து டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி பாருங்கள். அதுவரை எடையை வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம் பார்த்து அதே நோட்டில் எழுதி வாருங்கள். அந்த முதல் வாரத்து மிச்சக் கணக்கை எனக்கும் எழுதி அனுப்புங்கள். எந்த வேளையில் எவ்வளவு குறைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். மனைவியின் கிண்ணம் மட்டும் இன்றிரவே தொடங்கட்டும்.